ஒரு கையால் வரைந்த சித்திரக் கதைகள்

“டக், டக்” என்று கட்டை தட்டும் ஓசை கேட்கும். உடனே தெருப் பிள்ளைகள் காசை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். அங்கே ஒருவர் சைக்கிளுடன் நிற்பார். சைக்கிளின் பின்னால் ஒரு மரப்பெட்டி. அதில் வர்ணப் படங்கள். மிட்டாய் வாங்கிய பிள்ளைகளுக்கு முன்வரிசையில் இடம்!

படங்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, குரலை மாற்றி மாற்றி அவர் கதை சொல்லுவார். பேய் வரும் நேரம் பார்த்து நிறுத்திவிடுவார். மீதி நாளைக்கு!

இதற்கு “காமிஷிபாய்” என்று பெயர். காகித நாடகம் என்று பொருள். 1930 வாக்கில் ஜப்பானில் தோன்றிய தொழில் இது. இரண்டாவது உலகப் போருக்குப் பிறகு, வேலை இல்லாத பலருக்கு இதுவே சோறு போட்டது.

இந்தப் படங்களை வரைந்து கொடுத்தவர்களில் ஒருவர் ஷிகெரு மிசுகி. அவருக்கு இடது கை கிடையாது.

பிழைத்தது குற்றமா?

மிசுகி 1922-ல் பிறந்தவர். போரின்போது சிப்பாயாக நியூ பிரிட்டன் தீவுக்கு அனுப்பப்பட்டார். ஒரு நாள் எதிரிகள் திடீர் என்று தாக்கினார்கள். அவருடன் காவல் இருந்தவர்கள் அத்தனை பேரும் மாண்டார்கள். மிசுகி மட்டும் தப்பி, தட்டுத் தடுமாறி முகாமுக்கு வந்து சேர்ந்தார்.

தட்டிக்கொடுத்தார்களா? இல்லை. எல்லோரும் செத்தபோது நீ மட்டும் ஏன் உயிரோடு வந்தாய் என்று அதிகாரி கடிந்துகொண்டார். பிறகு மலேரியா காய்ச்சலில் படுத்திருந்தபோது குண்டு விழுந்தது. ஒரு கை போயிற்று.

வாடகைப் புத்தகம்

1953-ல் ஜப்பானுக்கு டெலிவிஷன் வந்தது. அதை “மின்சாரக் காமிஷிபாய்” என்றே மக்கள் அழைத்தார்கள். தெருவில் கூட்டம் குறைந்தது. மிசுகி, வாடகைப் புத்தகக் கடைகளுக்குப் படக்கதை வரையப் போனார்.

இங்கே கதை சொல்ல ஆள் இல்லை. குரல் இல்லை. படமே பேச வேண்டும். கல்லறையில் பிறந்த ஒற்றைக் கண் பையன் “கிதாரோ”வின் கதையை இப்படித்தான் வரைந்தார். அது பழைய காமிஷிபாய்க் கதை ஒன்றிலிருந்து முளைத்தது. கிதாரோவின் அப்பா யார் தெரியுமா? கை கால் முளைத்த ஒரு கண் விழி!

ஆனால், வருமானம் மிகக் குறைவு. வறுமை தீரவில்லை.

ஜப்பானில் படக்கதைக்கு “மங்கா” என்று பெயர். (நம் ஊர் மாங்காய் அல்ல!) பையன்களுக்கு “ஷோனென்”, பெண் பிள்ளைகளுக்கு “ஷோஜோ”, வளர்ந்த ஆண்களுக்கு “செய்னென்” என்று வாசகரைப் பார்த்தே பிரிக்கிறார்கள். 1959-ல் பையன்களுக்கான வாரப் பத்திரிகைகள் கிளம்பின. சில ஆண்டுகளில் மிசுகிக்கும் அங்கே இடம் கிடைத்தது. டெலிவிஷன் பெட்டிக்குள் புகுந்து வரும் ஒரு பையனைப் பற்றி வரைந்தார். 1965-ல் அதற்குப் பரிசு கிடைத்தது. எந்தப் பெட்டி பிழைப்பைக் கெடுத்ததோ, அதுவே கைகொடுத்தது! 1968-ல் கிதாரோவும் டெலிவிஷனில் வந்துவிட்டான்.

1973-ல் பெரியவர்களுக்காகப் போர்க் கதை ஒன்று வரைந்தார். எல்லோரும் சாகவேண்டும் என்று ஒரு படைக்கு உத்தரவு. சிலர் பிழைத்துவிடுகிறார்கள். அவர்கள் செத்ததாக மேலிடத்துக்கு முன்பே தகவல் போய்விட்டது. ஆகவே திரும்பப் போய்ச் சாகச் சொல்கிறார்கள். காட்டை அப்படியே போட்டோ போல வரைந்திருக்கிறார். சிப்பாய்களின் முகமோ கேலிச் சித்திரம். மிசுகியைப் போன்ற சிப்பாய் கடைசியில் சாகிறான்.

உண்மையான மிசுகி 93 வயது வரை வாழ்ந்து, 2015-ல் காலமானார். அவர் வளர்ந்த ஊர் சகாய்மினாதோ. அங்கே ரயில் நிலையத்திலிருந்து போகும் தெருவில், அவர் வரைந்த பேய்களுக்கு 170-க்கும் மேற்பட்ட வெண்கலச் சிலைகள் இருக்கின்றன. ஒற்றைக் கண் கிதாரோ நிற்கிறான். அவன் அப்பாவும் இருக்கிறார்.