யமுனையின் மறுகரையில் ஆக்ரா

ஆக்ராவுக்குச் செல்வோரில் பலர் தாஜ்மகாலையும் கோட்டையையும் கண்டுவிட்டு அன்று மாலையே திரும்பிவிடுகின்றனர். ஓர் இரவு தங்கி யமுனையின் மறுகரைக்கும் சென்றுவருமாறு வாசகர்களுக்குப் பரிந்துரைக்கிறோம். முகலாயரின் தலைநகராக விளங்கிய நாளில் இந்நகரம் ஆற்றை நோக்கியே அமைந்திருந்தது. இரு கரைகளிலும் அரச குடும்பத்தினரும் பிரபுக்களும் தோட்டங்களை எழுப்பியிருந்தனர்.

மறுகரையில் முதலில் காணத்தக்கது இதிமாத்-உத்-தௌலாவின் கல்லறை. நூர்ஜஹான் தம் தந்தைக்காக 1622 முதல் 1628 வரை கட்டுவித்தது. வெண்பளிங்கில் வண்ணக் கற்களை இழைக்கும் கலை, தாஜ்மகால் தோன்றுமுன்பே இங்கு முதிர்ச்சி பெற்றுவிட்டது. கட்டடம் சிறியது, கூட்டமும் குறைவு. எம் மனத்தை அதிகம் கவர்ந்தது இதுவே.

தாஜ்மகாலுக்கு நேர் எதிரே இருப்பது மேதாப் பாக் என்னும் நிலவுத் தோட்டம். ஷாஜகான் கறுப்புப் பளிங்கில் மற்றொரு தாஜ்மகாலை இங்கு எழுப்ப எண்ணினார் என்று வழிகாட்டிகள் இன்றும் கூறுவர். அகழாய்வில் வெளிப்பட்டதோ பெரிய எண்கோணக் குளம்! நீர் நிறைந்திருந்த காலத்தில் தாஜ்மகாலின் பிம்பம் அதில் தெரிந்திருக்கும்.

இன்று குளம் வறண்டு கிடக்கிறது. ஆறும் ஆண்டின் பெரும்பகுதி மணல் திட்டுகளுக்கிடையே கறுத்து மெலிந்து ஓடுகிறது. கோடையில் நாற்றமும் உண்டு. 2023 ஜூலை வெள்ளத்தின்போது, 45 ஆண்டுகளுக்குப் பின், யமுனை தாஜ்மகாலின் மதிலைத் தொட்டது. ஆற்றோரக் கிணறுகளை அடித்தளமாகக் கொண்ட அம்மாளிகைக்கு நீர் அழகு மட்டுமன்று.

வெள்ளிக்கிழமைகளில் தாஜ்மகாலுக்குள் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. அன்று ஆக்ராவில் இருக்க நேர்ந்தால், மாலை வெயில் சாயும் வேளையில் மேதாப் பாக்கிற்குச் செல்லுங்கள்.