சும்மா வருமா பிளேன் டிக்கெட்?

ஹோட்டலில் பில் வரும் நேரம் பார்த்துக் கை கழுவப் போய்விடுகிற ஆசாமிகள் எல்லா ஆபீஸிலும் உண்டு. எங்கள் ஆபீஸிலும் ஒருவர் இருக்கிறார். பதினைந்து வருஷ சர்வீஸில் ஒரு காபிக்குக்கூட அவர் பர்ஸைத் திறந்து நான் பார்த்ததில்லை. அப்பேர்ப்பட்டவர், இப்போதெல்லாம் சர்வர் பில்லை மேஜையில் வைப்பதற்குள் பாய்ந்து பிடுங்குகிறார். ‘‘நான் கட்டிடறேன்... ஆளுக்கு எவ்வளவுன்னு பார்த்து என் போனுக்கு அனுப்பிடுங்க!’’

மனுஷன் திருந்திவிட்டார் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். அவரிடம் ஒரு கிரெடிட் கார்டு வந்திருக்கிறது. எட்டுப் பேர் சாப்பிட்ட பில்லை அதில் தேய்த்தால் பாயிண்ட் அவருக்கு. பணம் நம்முடையது!

போன தீபாவளி லீவில், சேர்த்த பாயிண்டைக் கொடுத்து டிக்கெட் வாங்கி, மனைவியோடு கோவாவுக்குப் பறந்துவிட்டு வந்தார். அவ்வளவுதான்... எங்கள் செக்‌ஷனே கார்டு பைத்தியம் பிடித்து அலைகிறது. பொடி எழுத்தில் அச்சடித்த எதையும் விடாமல் படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு என்பதால், எல்லோரும் வந்து என்னைக் கேட்கிறார்கள். ‘‘சார், நிஜமாவே ஃப்ரீயா போகலாமா?’’

போகலாம். ஆனால், அந்த டிக்கெட்டுக்கு யாரோ ஒருவர் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அந்த யாரோ நீங்களாகவே இருந்துவிடக் கூடாது. விஷயம் அவ்வளவுதான்!

யார் வீட்டுப் பணம்?

கடையில் 100 ரூபாய்க்குக் கார்டு தேய்க்கிறீர்கள். கடைக்காரர் கைக்கு முழு நூறும் போவதில்லை. ஏறக்குறைய இரண்டு ரூபாயைப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். அந்த இரண்டு ரூபாயைக் கடைக்காரரின் வங்கி, விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற நெட்வொர்க், உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கி ஆகிய மூவரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். பெரிய பங்கு உங்கள் வங்கிக்கு. அதிலிருந்து கிள்ளிக் கொடுப்பதுதான் பாயிண்ட்.

ரிச்சி தெருவில் போன் வாங்கப் போனால், ‘‘கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் எக்ஸ்ட்ரா சார்’’ என்கிறார்களே, அதற்குக் காரணம் இதுதான். அந்த இரண்டு பர்சென்டை நீங்களே கொடுத்துவிட்டு, ஒன்றேகால் பர்சென்ட் மதிப்புள்ள பாயிண்ட் வாங்கினால்... முக்கால் பர்சென்ட் நஷ்டத்தைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள்!

வங்கிக்கு இரண்டாவது வருமானம், பில்லை முழுசாகக் கட்டாதவர்கள் தரும் வட்டி. மூன்றாவது, வருஷக் கட்டணம், லேட் ஃபீஸ், இத்யாதி. ஆக, ஒழுங்காகப் பணம் கட்டுகிற ஒருவர் ஜம்மென்று பிளேனில் பறக்கும்போது, அவர் டிக்கெட்டில் கொஞ்சம் கடைக்காரர் போட்டது. இன்னும் கொஞ்சம், எங்கேயோ மாசா மாசம் வட்டி கட்டிக்கொண்டிருக்கும் ஒரு அப்பாவி போட்டது.

புட்டிங் மன்னர்

இந்த வியாபாரம் சூடு பிடித்தது அமெரிக்காவில். 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், ‘எங்கள் விமானத்தில் பறந்த மைல்களைக் கணக்கு வைக்கிறோம், சேர்ந்தால் இலவச டிக்கெட்’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. சில நாட்களிலேயே யுனைடெட் ஏர்லைன்ஸும் களத்தில் குதித்தது. பிற்பாடு, பறந்தால்தான் மைல் என்பது போய், கார்டு தேய்த்தாலும் மைல், சாமான் வாங்கினாலும் மைல் என்று ஆகிவிட்டது.

1999-ல் ஓர் உணவு கம்பெனி, தன் பொருட்களின் பார்கோடு பத்து அனுப்பினால் 500 மைல், சீக்கிரம் அனுப்பினால் 1,000 மைல் என்று அறிவித்தது. கலிஃபோர்னியாவில் டேவிட் பிலிப்ஸ் என்கிற எஞ்சினீயர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்தக் கம்பெனியின் சாக்லேட் புட்டிங் கப் ஒன்று 25 சென்ட்தான். கடை கடையாக ஏறி 12,150 கப் வாங்கிக் குவித்தார். சுமார் 3,000 டாலர் செலவு. அத்தனை லேபிளையும் உரிப்பது யார்? புட்டிங்கை சால்வேஷன் ஆர்மிக்கு தானமாகக் கொடுத்தார். பதிலுக்கு அங்கிருந்த தொண்டர்கள் லேபிளை உரித்துக் கொடுத்தார்கள். கிடைத்தது 12 லட்சத்துக்கும் மேற்பட்ட மைல்கள். போதாததற்கு, தானம் செய்ததற்கு வரிச் சலுகை வேறு! 2002-ல் வந்த ‘பஞ்ச் டிரங்க் லவ்’ என்ற ஹாலிவுட் படத்தில் புட்டிங் வாங்கிக் குவிக்கும் ஹீரோ இவரைப் பார்த்து உருவானவர்தான்.

இதில் விமானக் கம்பெனிக்கு நஷ்டம் என்று பரிதாபப்படாதீர்கள். மைல்களை அவர்கள் சும்மா கொடுப்பதில்லை. வங்கிகளுக்கும் கம்பெனிகளுக்கும் ரொக்கத்துக்கு விற்கிறார்கள். 2020-ல் கொரோனா வந்து விமானங்களெல்லாம் தரையில் நின்றபோது, யுனைடெட் ஏர்லைன்ஸ் 680 கோடி டாலர் கடன் திரட்டியது. அடமானமாக எதைக் காட்டியது தெரியுமா? தன் மைலேஜ் திட்டத்தை! நோட்டு அடிக்கிற மெஷின் மாதிரி அது.

நோட்டு அடிக்கிறவர், அதன் மதிப்பையும் தானே தீர்மானிப்பார், இல்லையா? சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு பாயிண்ட் எத்தனை பைசா?

ஒரு பேச்சுக்கு ஒரு கார்டை எடுத்துக்கொள்வோம். வருஷக் கட்டணம் 2,500 ரூபாய். 150 ரூபாய் செலவுக்கு 4 பாயிண்ட். மாசம் 30,000 ரூபாய் செலவு செய்தால் 800 பாயிண்ட். வருஷத்துக்கு 9,600.

‘ஆஹா, பத்தாயிரம் பாயிண்ட்!’ என்று துள்ள வேண்டாம். அதை எங்கே மாற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்து மதிப்பு மாறும். பில்லில் கழித்துக்கொள்ளச் சொன்னால் பாயிண்டுக்கு 20 பைசா தருவார்கள் என்று வையுங்கள்... 1,920 ரூபாய். விமான டிக்கெட்டுக்கு 50 பைசா என்றால் 4,800 ரூபாய். அதே பாயிண்ட்தான்!

இப்போது கட்டணத்தைக் கழியுங்கள். 2,500 ரூபாய்க்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி. சேர்த்து 2,950. டிக்கெட்டாக மாற்றினால் 1,850 ரூபாய் லாபம். பில்லில் கழித்தால் ஆயிரத்துச் சொச்சம் நஷ்டம். இதற்கு நடுவே மாற்றுக் கட்டணம் என்று ஒரு தொகையைப் பிடிக்கும் வங்கிகளும் உண்டு.

சேர்க்கும்போதும் சூட்சுமம் உண்டு. 150-க்கு 4 பாயிண்ட் என்றால், 149 ரூபாய்க்குப் பல கார்டுகளில் பூஜ்யம்தான். பெட்ரோல், வீட்டு வாடகை, வாலட்டில் போடும் பணம், அரசாங்கத்துக்குக் கட்டுவது போன்றவற்றுக்குப் பல வங்கிகள் பாயிண்டே தருவதில்லை. கார்டை ஏ.டி.எம்-மில் செருகிப் பணம் எடுத்தால் பாயிண்டும் கிடையாது. முதல் நாளிலிருந்தே வட்டியும் ஓடும்.

அப்புறம் அந்த ஏர்போர்ட் லவுஞ்ச்... கார்டில் இரண்டு ரூபாய் தேய்த்துவிட்டு இட்லி, பொங்கல், கேசரி என்று ஒரு வெட்டு வெட்டுகிறோமே, அதற்கும் இப்போது பல வங்கிகள் ‘முந்தின மூன்று மாசத்தில் இவ்வளவு செலவு செய்திருந்தால்தான் உள்ளே விடுவோம்’ என்று தாழ்ப்பாள் போட்டுவிட்டன. இலவச இட்லிக்காகப் பத்தாயிரம் ரூபாய்க்குத் தேவையில்லாத சாமான் வாங்குகிற நண்பர் எனக்கு உண்டு.

மைலாக மாற்றினால்?

பாயிண்டை விமானக் கம்பெனியின் மைல் கணக்குக்கு மாற்றிக்கொள்ளவும் பல கார்டுகள் அனுமதிக்கின்றன. பெரிய லாபம் பார்ப்பவர்கள் இந்த வழியில்தான் பார்க்கிறார்கள். ஆனால், மாற்றிவிட்டால் பெரும்பாலும் திரும்ப எடுக்க முடியாது. மைலுக்கென்று கம்பெனி ஒதுக்குகிற சீட்டும் கொஞ்சம்தான். ஆகவே, சீட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் மாற்றுங்கள்.

‘இலவச’ டிக்கெட்டிலும் வரியைக் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். அதனால் ஒரு சின்னக் கணக்கு: டிக்கெட் விலையிலிருந்து, நீங்கள் கட்டப்போகும் வரியைக் கழியுங்கள். மீதியை மைலால் வகுங்கள். 14,000 ரூபாய் டிக்கெட்டுக்கு 10,000 மைலும் 4,000 ரூபாய் வரியும் கேட்டால், மைலுக்கு ஒரு ரூபாய். எடுத்துக்கொள்ளலாம். அதே 10,000 மைலும் 4,000 ரூபாயும் கேட்டு, டிக்கெட் விலை 7,000-மாக இருந்தால், மைலுக்கு வெறும் 30 பைசா. பணம் கொடுத்தே போய்விடுங்கள்!

காசிக்குப் போன கணக்கு

எங்கள் செக்‌ஷனில் இருபத்தாறு வயசுத் தம்பி ஒருவன். அப்பா ரிடையர் ஆகிவிட்டார். அம்மாவுக்கு ரொம்ப நாளாகக் காசி ஆசை. இருவருமே பிளேன் ஏறியதில்லை. ஒருநாள் மத்தியானம் டிபன் பாக்ஸைக்கூடத் திறக்காமல் என்னிடம் வந்தான்.

‘‘சார், இருபத்தெட்டாயிரம் பாயிண்ட் சேர்த்துட்டேன். அப்பா, அம்மா, நான்... மூணு பேரும் போக வர பிளேன்ல போயிடலாம்னு பார்க்கறேன். பத்தாததைக் கார்டுலயே போட்டுடலாம். சரிதானே?’’

‘‘ஸ்டேட்மெண்ட்டைக் காட்டு, தம்பி’’ என்றேன்.

தயங்கித் தயங்கிக் காட்டினான். பாக்கி 60,000 ரூபாய். மாசா மாசம் ‘மினிமம் ட்யூ’ மட்டும் கட்டி வந்திருக்கிறான். ‘‘அதான் தவறாம கட்டறேனே சார்... லேட் ஃபீஸ்கூடப் போட்டதில்ல.’’

லேட் ஃபீஸ் வராதுதான். ஆனால் வட்டி? மாசத்துக்கு மூன்றரை சதவிகிதம். கேட்க சின்னதாக இருக்கும், வருஷத்துக்கு 42! அறுபதாயிரத்துக்கு மாசம் 2,100 ரூபாய். அதன்மேல் ஜி.எஸ்.டி. 378. மொத்தம் 2,478. அவனிடமிருந்த 28,000 பாயிண்டின் மதிப்பு, அரை ரூபாய் கணக்கில் 14,000. ஆறு மாச வட்டி எவ்வளவு? 14,868! பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்குகிற பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது. வாங்கிய அன்றே மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும்.

பேப்பரில் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ‘‘அப்போ அந்த டிக்கெட்டுக்கு நான் ஏற்கெனவே காசு கொடுத்துட்டேனா சார்?’’ என்றான். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் இருவருமாக ஆபீஸ் கூட்டுறவு சொசைட்டிக்குப் போனோம். வருஷத்துக்கு 12 சதவிகிதத்தில் 60,000 ரூபாய் லோன். கார்டு பாக்கி முழுசும் க்ளோஸ். மாச வட்டி 2,478-லிருந்து 600-க்கு இறங்கியது. அதற்கப்புறம்தான் பாயிண்டைத் தொட்டான். இரண்டே இரண்டு டிக்கெட்... அப்பா அம்மாவுக்குப் போகும்போது மட்டும். திரும்பி வரும்போது ரயில். இவன் முன்கூட்டியே ரயிலில் போய்க் காசியில் காத்திருந்து அவர்களை அழைத்துப்போனான். ஜன்னல் சீட்டை அப்பா அம்மாவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டாராம்!

கார்டு வாங்குமுன்...

*முழு பில்லையும் கெடு தேதிக்குள் கட்ட முடியுமா? முடியாது என்றால் இந்த விளையாட்டே வேண்டாம். வங்கியிலிருந்து தானாகப் பணம் எடுத்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்யும்போது ‘மினிமம்’ என்பதல்ல, ‘மொத்தம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

*வங்கியின் சொந்த டிக்கெட் தளத்தில் பாயிண்டை மாற்றுமுன், விமானக் கம்பெனியின் தளத்தில் அதே டிக்கெட் என்ன விலை என்று பாருங்கள். அங்கே மலிவாக இருந்தால் உங்கள் 50 பைசா 40 பைசாவாகிவிடும்.

*கார்டு வேண்டாம் என்று முடிவு செய்தால், முதலில் பாயிண்டைச் செலவழியுங்கள். பாக்கி இல்லாமல் கட்டுங்கள். அப்புறம் மூடச் சொல்லுங்கள். 2022-ல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். (பாயிண்டைவிட இது நல்ல வருமானம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள்!)

*பாயிண்டைப் பூட்டி வைக்காதீர்கள். பல திட்டங்களில் அதற்குக் காலாவதித் தேதி உண்டு. இல்லாவிட்டாலும், ஒரு நாள் காலையில் ‘இனி பாயிண்டுக்கு 30 பைசா’ என்று மெயில் வரும். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ம் தேதி பறப்பதை நிறுத்தியபோது, அதன் மைல்கள் வேறொரு கம்பெனியின் கணக்கில் பத்திரமாக இருந்தன. பறப்பதற்கு ஜெட் விமானம்தான் இல்லை!

வங்கியில் போட்ட பணம் குட்டி போடும். பாயிண்ட் குட்டி போட்டதாகச் சரித்திரமே இல்லை. ஆகவே, மகன் கல்யாணத்துக்கு ஆகும் என்று சேர்த்து வைக்காமல், வருகிற லீவுக்கே வீட்டில் இருப்பவர்களைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். ஏர்போர்ட்டில் காபி விலையைக் கேட்டு மயங்கி விழாமல் இருக்க, ஃபிளாஸ்க்கை நிரப்பி... அடடா, செக்யூரிட்டியில் விட மாட்டார்களே!