முதிய இடையனுக்குத் துக்கம் காப்பவன்

எட்வின் லாண்ட்சீர் (1802–1873)
மரப்பலகையில் எண்ணெய் வர்ணம், 1837

லண்டன் மாநகரில் செதுக்குச் சித்திரக் கலைஞர் ஜான் லாண்ட்சீரின் புதல்வராகப் பிறந்து, தந்தையின் மேற்பார்வையில் பாலப்பருவத்திலேயே பிராணிகளை வரையப் பழகி, 1815-இல், தம் பதின்மூன்றாம் பிராயத்தில், ராயல் அக்காடமியின் கண்காட்சியில் இடம்பெற்ற எட்வினுக்கு, நாயின் மீதிருந்த பிரியம் மட்டும் போதாது, அதன் தோலுக்கு அடியிலுள்ள எலும்பையும் தசையையும் அறிதல் அவசியம் என்று உணர்த்தியவர் சரித்திர ஓவியர் ஹேடன். அவருடைய உபதேசப்படி பிராணிகளின் சடலங்களை அறுத்துச் சோதித்துப் பெற்ற அந்தக் கடுமையான ஞானமே, பிற்காலத்தில் விக்டோரியா மகாராணியின் அரண்மனை நாய்கள்வரை எட்வினின் தூரிகைக்கு விஷயமாவதற்கு அஸ்திவாரமாயிற்று.

நாய்களை நீதிபதியாகவும் வக்கீல்களாகவும் அமர்த்தி அவர் தீட்டிய மற்றொரு சித்திரம் சாமர்த்தியமானதே. ஆயினும் அங்கே நாய் மனிதனைப்போல் பாவனை செய்கிறது என்ற குறை நமக்கு உண்டு. இங்கே அவ்வித வேஷம் ஏதுமில்லை. சவப்பெட்டியின் மீது முகவாயை அழுத்திச் சாய்ந்திருக்கும் நாயின் உடற்பாரமும், வேத புஸ்தகத்தின் மேல் மடித்து வைக்கப்பட்ட மூக்குக்கண்ணாடியும், தரையில் கிடக்கும் கைத்தடியும் தொப்பியுமே இறந்தவனுடைய ஏகாந்த ஜீவியத்தைத் தெரிவிக்கின்றன. எளிதில் திருப்தியடையாத விமர்சகர் ரஸ்கினும் இதை வெகுவாகச் சிலாகித்தார்.

லாண்ட்சீரின் சித்திரங்கள் பலவற்றை அவருடைய தமையனார் தாமஸ் செதுக்கி அச்சுப்பிரதிகளாக்கினமையால், அவை சாமானியரின் இல்லங்களிலும் இடம்பெற்றன. கறுப்பும் வெள்ளையுமான நியூபவுண்ட்லாந்து நாய்க்கு இன்று லாண்ட்சீரின் பெயரே வழங்குகிறது. இம்மூலச் சித்திரம் 1857-இல் ஜான் ஷீப்ஷாங்ஸ் என்பவர் தேசத்திற்கு அளித்த கொடையைச் சேர்ந்தது.