ரஷ்யாவைக் காத்தது குளிர்தானா?

தில்லியில் ஒரு ஜனவரி மாதக் காலை. நாலைந்து நண்பர்கள் கம்பளியைச் சுற்றிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றி ரஷ்யாவுக்கு வந்தது. "நெப்போலியனையும் ஹிட்லரையும் ரஷ்யாக்காரனா சார் ஜெயிச்சான்? குளிர்தான் ஜெயிச்சுது!" என்றார் ஒருவர். எல்லோரும் தலையாட்டினோம். பள்ளிக்கூடத்தில் படித்ததும் அதுதானே?

வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டியபோதுதான் தலையாட்டியது அவசரம் என்று தெரிந்தது. குளிர் இரண்டு தரப்புக்கும் பொது. ரஷ்யச் சிப்பாய்க்கு மட்டும் தனியாக வெயில் அடிக்கவில்லை. அப்படியானால் வித்தியாசம் எங்கே? சோற்றிலும், அந்தச் சோறு வந்து சேரும் பாதையிலும்தான் என்பது என் துணிபு.

1812: கோடையில் கரைந்த படை

நெப்போலியன் நேமன் ஆற்றைக் கடந்தது 1812 ஜூன் 24-ஆம் தேதி, நல்ல கோடையில். பின்னால் வந்து சேர்ந்தவர்களையும் கூட்டினால் அவர் படை சுமார் ஆறு லட்சம். போகிற வழியில் கிடைப்பதை எடுத்துச் சாப்பிடுவது அந்தப் படையின் பழக்கம். ஜனநெருக்கம் மிகுந்த மேற்கு ஐரோப்பாவில் அது பலித்தது. ரஷ்யாவிலோ ஊருக்கும் ஊருக்கும் வெகுதூரம். பின்வாங்கிய ரஷ்யர்கள் தானியத்தையும் விட்டுவைக்கவில்லை. டைபஸ் காய்ச்சல், வயிற்றுக்கடுப்பு, பசி, தப்பியோட்டம் எல்லாம் சேர்ந்து படையைத் தின்றன. வழிநெடுகக் காவலுக்கும் ஆட்களை நிறுத்த வேண்டியிருந்தது. செப்டம்பர் 7-ல் போரோதினோவில் போர் நடந்தபோது அவரிடம் மிஞ்சியவர்கள் ஏறக்குறைய 1,30,000 பேர். அதுவரை ஒரு பொட்டுப் பனிகூட விழவில்லை!

மாஸ்கோ கிடைத்தது, சமாதானம் கிடைக்கவில்லை. ஐந்து வாரம் காத்திருந்துவிட்டு அக்டோபர் 19-ல் கிளம்பினார். தெற்கே போனால் போரில் அழியாத ஊர்கள் உண்டு, உணவு உண்டு. அந்த வழியை அக்டோபர் 24-ல் மலோயாரோஸ்லாவெத்ஸ் என்ற சிற்றூரில் குதூஸோவின் படை அடைத்தது. வந்த வழியே, ஏற்கெனவே தின்று தீர்த்த பாதையிலேயே திரும்ப வேண்டியதாயிற்று. என்னைக் கேட்டால், விதி நிர்ணயமானது அங்கேதான். பனி பிறகு வந்தது.

இன்னொரு வேடிக்கை. நவம்பர் கடைசியில் பெரெஸினா ஆற்றங்கரையில் குளிர் தணிந்து பனி உருகியிருந்தது. ஆறு உறைந்திருந்தால் நடந்தே கடந்திருக்கலாம். உறையாததால் பாலம் கட்ட வேண்டிவந்து, அந்தப் பாலங்களில் நெரிபட்டும் ஆற்றில் விழுந்தும் பல்லாயிரம் பேர் மாண்டார்கள்.

1941: தண்டவாளத் தகராறு

மீட்டர் கேஜ், பிராட் கேஜ் என்று ரயில் மாறிப் பழகிய நமக்கு இது சுலபமாகப் புரியும். ஜெர்மன் தண்டவாளத்தின் அகலம் 1435 மில்லிமீட்டர். சோவியத் தண்டவாளம் 1524. ஜூன் 22-ல் படையெடுத்த ஜெர்மானியர் முன்னேற முன்னேறத் தண்டவாளத்தை நகர்த்திப் போட வேண்டியிருந்தது. டாங்கிப் படை என்று பெயரே தவிர, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை நம்பியிருந்த படை அது. அக்டோபரில் மழையும் சேறும். பிறகு குளிர் வந்தபோது கம்பளி உடைகள் பின்னால் கிடங்குகளில் கிடந்தன. இருந்த சில ரயில்களில் குண்டையும் பெட்ரோலையும் ஏற்றுவதா, சட்டையை ஏற்றுவதா?

எதிர்ப்பக்கத்தில், சோவியத் கணக்குப்படி 1941 ஜூலை முதல் நவம்பர் வரை 1,523 தொழிற்சாலைகளைப் பெயர்த்து ரயிலேற்றிக் கிழக்கே கொண்டுபோனார்கள். டிசம்பர் 5-ல் மாஸ்கோ வாசலில் எதிர்த்தாக்குதல் தொடங்கியது.

ஸ்டாலின்கிராட்

வோல்கா கரையில் உள்ள இந்நகரம் 1961 முதல் வோல்கோகிராட். 1942 செப்டம்பரில் நகரத்துக்குள்ளேயே, வீட்டுக்கு வீடு, மாடிக்கு மாடி சண்டை. சூய்கோவின் 62-ஆவது படை ஆற்றங்கரையில் ஒரு சிறு துண்டு நிலத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. குண்டுமழைக்கு நடுவே ஆளும் அரிசியும் என்போமே, அதுபோல ஆளும் ரொட்டியும் தோட்டாவும் இரவில் படகேறி வந்தபடியே இருந்தன. அந்தப் படகுகள் நின்றிருந்தால் நகரம் விழுந்திருக்கும்.

நவம்பர் 19-ல் சோவியத் படை நகரத்தைத் தாக்கவில்லை. கனத்த டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் போதாமல் ஓரங்களில் நின்ற ருமேனியப் படைகளைத் தாக்கியது. நாலே நாளில் வளையம் மூடியது. உள்ளே இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர். விமானத்தில் உணவு தருவோம் என்று கோயரிங் வாக்களித்தார். நாளொன்றுக்குக் குறைந்தது 300 டன் வேண்டும். சராசரியாக இறங்கியது 100 டன் அளவே. குதிரைகளை அறுத்துத் தின்றார்கள். 1943 ஜனவரி 31-ல் பவுலுஸ் சரணடைந்தார். பிப்ரவரி 2-ல் எல்லாம் முடிந்தது. சிறைப்பட்ட சுமார் 91,000 பேரில் ஊர் திரும்பியவர்கள் ஏறக்குறைய ஆறாயிரம்.

சோவியத் பக்கத்துக்கு வந்த பாதைகளில் ஒன்றில் நம்மவர்களும் இருந்தார்கள். இரான் வழியாகச் சரக்கு கொண்டுபோன ராயல் இந்திய ராணுவ சேவைப் பிரிவைச் சேர்ந்த சுபேதார் நாராயண ராவ் நிக்கம், ஹவில்தார் கஜேந்திர சிங் இருவருக்கும் சோவியத் அரசு செந்நட்சத்திர விருது வழங்கியது. துப்பாக்கி சுட்டதற்காக அல்ல, சரக்கைக் கொண்டுசேர்த்ததற்காக!

குளிருக்கு ஒரு பங்கே கிடையாது என்று நான் சொல்லவில்லை. பசித்தவனைக் குளிர் சீக்கிரம் கொல்லும், அவ்வளவுதான். ஆனால் வெற்றியை முழுக்கக் குளிருக்கே எழுதிவைப்பது நியாயமா? ஸ்டாலின்கிராடில் மட்டும் இறந்த, காணாமற்போன சோவியத் வீரர்கள் சுமார் 4,78,000. அவர்களில் ரஷ்யர், உக்ரேனியர், கஸாக்கியர், உஸ்பெக்கியர் எல்லோரும் உண்டு. போர் முழுவதிலும் சோவியத் நாடு இழந்தது ஏறக்குறைய 2 கோடியே 66 லட்சம் உயிர்கள். குளிர்தான் ஜெயித்தது என்று சுலபமாகச் சொல்லும்போது, இத்தனை பேரும் சும்மா செத்தார்கள் என்று ஆகிவிடுகிறது.

அடுத்த ஜனவரியில் அந்த நண்பரிடம் இதைச் சொல்ல வேண்டும். டீ நான் வாங்கித் தருகிறேன்.