திரைப்படத்தில் அச்சம் பிறப்பது எவ்வாறு?

திரையில் தோன்றுவது வெறும் ஒளியும் நிழலுமே என்பதைப் படம் பார்ப்போர் யாவரும் அறிவர். ஆயினும் சில காட்சிகளில் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. பொய்யென்று அறிந்த ஒன்றைக் கண்டு உடல் மெய்யாகவே அஞ்சுவது ஏன்? குறைந்த செலவில் எடுக்கப்பட்ட ஒரு பழைய படத்தைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

1942ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆர்.கே.ஓ. நிறுவனம் 'கேட் பீப்பிள்' என்னும் படத்தை வெளியிட்டது. தயாரித்தவர் வால் லூட்டன். இயக்கியவர் ஜாக் தூர்னர். செலவு 1,50,000 டாலருக்குள் அடங்கவேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே, வேறொரு படத்துக்காக அமைத்திருந்த மாடிப்படியையே இதற்கும் பயன்படுத்திக்கொண்டனர். உணர்ச்சி மேலிட்டால் தான் சிறுத்தையாக மாறிவிடக்கூடும் என்று அஞ்சும் ஐரீனா என்னும் பெண்ணின் கதை இது. அவள் உருமாறுவது நேராகக் காட்டப்படுவதில்லை.

ஒரு காட்சியைப் பார்ப்போம். இரவு வேளை. ஐரீனாவின் கணவருடன் பணிபுரியும் ஆலிஸ், ஆளரவமற்ற சாலையில் தனியே நடக்கிறாள். பின்னால் ஐரீனா தொடர்கிறாள். இருவரின் காலடி ஓசையன்றி வேறொன்றும் கேட்பதில்லை. திடீரெனப் பின்னால் வந்த ஓசை நின்றுவிடுகிறது. ஆலிஸ் திரும்பிப் பார்க்கிறாள், எவரையும் காணோம். அஞ்சி ஓடுகிறாள். விலங்கின் சீற்றம் போன்ற பேரொலி எழுகிறது. பார்ப்போர் துள்ளிவிடுகின்றனர். ஆனால் வந்து நின்றது ஒரு பேருந்தே!

எதிர்பாராத பேரொலி கேட்டால் கண்ணிமை மூடுவதும் தசைகள் இறுகுவதும் நம் விருப்பத்துக்கு உட்படாத அனிச்சைச் செயல்கள். முன்னரே அச்சம் குடிகொண்டிருந்தால் இச்செயல் மேலும் வலுப்பெறும். 1951இல் பிரௌன், காலிஷ், பார்பர் ஆகிய ஆராய்ச்சியாளர்கள் இதனை எலிகளிடம் கண்டனர். விளக்கொளியையும் மின்னதிர்ச்சியையும் சேர்த்தளித்துப் பழக்கிய பின்னர், விளக்கு எரியும்போது பேரொலி எழுப்பினால் எலிகள் மிகுதியாகத் திடுக்கிட்டன. மூளையில் அமிக்டலா என்னும் பகுதியே இவ்வாறு திடுக்கிடுதலைப் பெருக்குகிறது என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. அட்ரீனல் சுரப்பிகளின் சுரப்பு இதயத் துடிப்பை விரைவாக்குகிறது.

எலிகளுக்கு விளக்கொளி எவ்வாறோ, அவ்வாறே நமக்கு அந்தக் காலடி ஓசையும் அதன்பின் வந்த மௌனமும். கண்ணுக்குத் தெரியாத இடத்தைக் கற்பனையே நிரப்புகிறது. ஆகவே அச்சத்துக்கு வேண்டியது பெரும் பணமன்று, தக்க எதிர்பார்ப்பே.

படம் பார்த்துவிட்டு உறக்கமின்றித் தவிக்கும் குழந்தையை ஆசிரியர்கள் எள்ளி நகையாடலாகாது. அதன் உடல் அடைந்த அச்சம் மெய்யானது. பகல் வெளிச்சத்தில், ஓசை எவ்வாறு சேர்க்கப்பட்டது, நிழல் எவ்வாறு அமைக்கப்பட்டது என்பதைப் பொறுமையுடன் விளக்குங்கள். கையையும் விளக்கையும் கொண்டு சுவரில் ஒரு நிழலுருவை அக்குழந்தையையே செய்யச் சொல்லுங்கள். அச்சம் உண்டாகும் விதத்தை அறிந்துகொண்ட குழந்தைக்கு அதனைத் தாங்கும் துணிவும் மெல்ல மெல்ல வரும்.