குழந்தைகளின் உணர்வறிதல்: முகமும் குரலும்

பிறருடைய முகத்தையும் குரலையும் கொண்டு அவர் மகிழ்கிறாரா, சினக்கிறாரா, அஞ்சுகிறாரா என்று புரிந்துகொள்வது உணர்வறிதல் எனப்படும். இத்திறன் பிறக்கும்போதே முழுமையாக அமைந்துவிடுவதில்லை. பிறந்த சில நாட்களில் தொடங்கி, பத்து வயதைக் கடந்த பின்னும் இது வளர்ந்துகொண்டிருக்கிறது. முகமும் குரலும் குழந்தைக்கு ஒரே வேகத்தில் கைவருவதும் இல்லை. குரலை முதலில் பிடித்துக்கொள்ளும் குழந்தை, பேச்சு வந்த பிறகு சில ஆண்டுகளுக்குக் குரலை விட்டுவிட்டுச் சொல்லையே பற்றிக்கொள்கிறது. "சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளை" என்ற பெயர் பல குழந்தைகளுக்கு வந்துசேர்வது அந்த ஆண்டுகளில்தான்.

முதல் ஆண்டு

கருவில் இருக்கும்போதே குழந்தைக்குக் காது கேட்கத் தொடங்கிவிடும். பிறந்து மூன்று நாட்களுக்கு உட்பட்ட குழந்தைகளை வைத்து அந்தோணி டிகேஸ்பர், வில்லியம் ஃபைஃபர் ஆகியோர் செய்த ஆய்வு 1980-இல் வெளியானது. ஒரு ரப்பர் காம்பைச் சப்பும் வேகத்தை மாற்றினால் தாயின் குரல் ஒலிக்கும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். குழந்தைகள் வேகத்தை மாற்றி, மற்றொரு பெண்ணின் குரலைவிடத் தாயின் குரலையே அதிகம் கேட்டன. பார்வை அப்போது மங்கல்தான். பால் குடிக்கும்போது தாயின் முகம் இருக்கும் தொலைவு, அதாவது சுமார் 20 முதல் 30 செ.மீ., வரை ஓரளவு தெரியும்.

குரலிலும் முதலில் பிடிபடுவது சொல் அன்று, அதன் இழுப்பும் வெட்டும்தான். "என் கண்ணூ..." என்று நீட்டிக் கொஞ்சும்போது குரல் மேலேறி மெதுவாக இறங்கும். "தொடாதே!" என்பது குட்டையாக, வெட்டினாற்போல் விழும். ஆன் ஃபெர்னால்ட் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த 5 மாதக் குழந்தைகளுக்குப் பாராட்டும் பேச்சும் தடுக்கும் பேச்சும் ஒலிக்கப்பட்டன. கேட்டறியாத ஜெர்மன், இத்தாலிய மொழிகளிலும்கூட, பாராட்டுக்கு அவை முகம் மலர்ந்தன. ஜப்பானிய மொழியில் அப்படி நடக்கவில்லை. குரலின் பொருள் எல்லா ஊருக்கும் பொது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இந்த விதிவிலக்கு ஒரு நல்ல அடையாளம்.

சார்லஸ் டார்வின் தம் மூத்த மகனைப் பற்றி எழுதிவைத்த குறிப்புகளை 1877-இல் வெளியிட்டார். ஆறு மாதம் கடந்து சில நாட்களே ஆன அக்குழந்தை, செவிலிப்பெண் அழுவதுபோல் நடித்ததும், உதட்டோரம் தாழ்ந்து தானும் வாடிப்போனது என்று அதில் குறித்திருக்கிறார். ஏறத்தாழ இந்த வயதில்தான் முகமும் குரலும் குழந்தைக்குள் ஒன்றோடொன்று பொருந்தத் தொடங்குகின்றன. மகிழும் முகத்தையும் சினக்கும் முகத்தையும் அருகருகே காட்டி ஒரு குரலை மட்டும் ஒலிக்கவிட்டால், 7 மாதக் குழந்தை அந்தக் குரலுக்குரிய முகத்தையே அதிக நேரம் பார்க்கும்.

ஒரு வயதில் குழந்தை முகத்தைப் பார்த்து முடிவெடுக்கவே தொடங்கிவிடுகிறது. ஜேம்ஸ் சோர்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1985-இல் வெளியிட்ட சோதனையில், 30 செ.மீ. பள்ளம் போலத் தோன்றும் கண்ணாடி மேடையின் ஒரு முனையில் குழந்தையும் மறுமுனையில் தாயும் இருந்தனர். தாய் பேசக் கூடாது, முகம் மட்டும் காட்டலாம். சிரித்த முகம் கண்ட 19 குழந்தைகளில் 14 தவழ்ந்து கடந்தன. அஞ்சிய முகம் கண்ட 17-இல் ஒன்றுகூடக் கடக்கவில்லை. கீழே விழுந்த குழந்தை அழுவதற்கு முன் ஒரு நொடி நம் முகத்தைப் பார்ப்பதும் இதே கணக்குத்தான்.

கடற்கரையில் முகமும் குரலும்

முகத்தை மட்டும் பார்த்தால் ஏமாறும் இடங்களும் உண்டு. மரக்காணத்துக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கூனிமேட்டை எடுத்துக்கொள்வோம். இப்பகுதியின் அடையாளம் கடலும் உப்பளமும். வெயில் ஏறிய பின் பாத்தியில் குவித்த உப்பின் வெண்மையில் யாருக்கும் கண் கூசும், புருவம் நெரியும், நெற்றி சுருங்கும். சினத்தில் புருவத்தை நெரிப்பதும் இதே தசைதான். உப்பளத்திலிருந்து வீடு திரும்பும் தாயின் நெற்றிச் சுருக்கம் கோபமா வெயிலா என்பதைக் குழந்தை முகத்திலிருந்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது. "வாடா" என்ற குரலையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

குரலுக்கும் இப்படி ஒரு தொல்லை உண்டு. அலை, காற்று, படகு எஞ்சின் எல்லாவற்றையும் மீறித்தான் கரையில் பேச வேண்டியிருக்கிறது. வெளியூரிலிருந்து வந்தவருக்கு அது சண்டை போலக் கேட்கும். அங்கேயே வளரும் குழந்தைக்கு உரத்த குரல் வெறும் பேச்சு. அதற்குக் கோபம் என்பது உரப்பில் இல்லை. குரல் திடீரென மாறுவதில் இருக்கிறது. வழக்கமாகச் சத்தமாகப் பேசும் தகப்பன் தாழ்ந்த குரலில் பெயர் சொல்லி அழைத்தால்தான் பிள்ளை நிமிர்ந்து பார்க்கும். ஒவ்வொரு குழந்தையும் முதலில் தன் வீட்டின் இயல்பு நிலையைக் கற்கிறது. உணர்வை அதிலிருந்து விலகும் அளவைக் கொண்டு அறிகிறது. பள்ளியில் புதிய ஆசிரியரின் மென்மையான கண்டிப்பு சில பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகவே தோன்றாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

பெயரிடுதல்

உணர்வுக்குப் பெயர் சொல்லும் திறன் மெதுவாகவே வருகிறது. ஷெர்ரி வைடன், ஜேம்ஸ் ரஸ்ஸல் ஆகியோரின் ஆய்வுகளின்படி, சிறு குழந்தைகள் முகப் படங்களுக்குத் தாமாகப் பெயர் சொல்லும்போது மகிழ்ச்சி முதலில் வரும். அடுத்து சினமும் துயரமும். அச்சம், வியப்பு ஆகியவை அதற்கும் பிறகு. அருவருப்பு மிகப் பிந்தியது; பள்ளி வயதிலும் பல குழந்தைகள் அருவருக்கும் முகத்தைக் "கோவம்" என்றே சொல்கின்றன. குழந்தைக்கு அருவருப்பு தெரியாது என்பதன்று. "ச்சீ" என்ற ஒலியை அது எப்போதோ கற்றிருக்கும். முகத்திலிருந்து அதைப் பிரித்தெடுப்பதுதான் கடினம்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறது. மெய்ப்பாட்டின் பொருளைக் கண்ணாலும் செவியாலும் தெளிவாக உணர்வோர்க்கன்றி மற்றவர்க்கு வரையறுப்பது அரிது என்றும் அவ்வியல் சொல்கிறது. முகமும் குரலும் சேர்ந்தே உணர்வைக் காட்டும் என்ற கருத்து தமிழுக்குப் புதியதன்று.

சொல் குரலை மறைக்கும் வயது

நான்கு வயதுக் குழந்தை சோற்றைச் சிந்துகிறது. தாய், "கொட்டு, இன்னும் நல்லா கொட்டு!" என்கிறார். குழந்தை இன்னும் கொஞ்சம் கொட்டுகிறது. முதுகில் ஓர் அடி விழுகிறது. குழந்தைக்கு நடந்தது புரியவில்லை. சொன்னதைத்தானே அது செய்தது!

டொரண்டோ பல்கலைக்கழகத்தின் புரூஸ் மார்ட்டனும் சாண்ட்ரா ட்ரெஹப்பும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் காட்சியை விளக்கப் போதுமானது. மகிழ்ச்சியான செய்தியைத் துயரக் குரலிலும், துயரச் செய்தியை மகிழ்ச்சிக் குரலிலும் ஒலிக்கவிட்டு, பேசுபவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார்கள். பெரியவர்கள் குரலை வைத்து முடிவு சொன்னார்கள். 4 வயதினர் பெரும்பாலும் செய்தியை வைத்தே சொன்னார்கள். 10 வயதினரிலும் ஏறத்தாழப் பாதிப் பேரே குரலை முதன்மையாகக் கொண்டனர். பொருளற்ற ஒலியாகவோ அயல்மொழியாகவோ கேட்கும்போது குழந்தைகளால் குரலின் உணர்வைச் சொல்ல முடிந்தது. அவர்களுக்குக் குரல் கேட்காமல் இல்லை. புதிதாகக் கற்ற சொல்லின் பிடி அவ்வளவு வலுவானது.

நம் வீடுகளில் எதிர்மறையாக ஏவும் பேச்சு மிகுதி. "போ, போய்க் கடல்ல விழு", "அடி, அவன நல்லா அடி" போன்றவற்றைப் பெரியவர்கள் குரலால் மட்டுமே தடையாக்குகிறார்கள். ஐந்து வயதுக்கு அது நேரான ஏவல். அந்த வயதில் கீழ்ப்படியாமைக்கும் கீழ்ப்படிதலுக்கும் இடையில் தண்டனை மாறி விழ நிறைய வாய்ப்புண்டு.

சினமே அதிகம் கேட்ட குழந்தை

குழந்தை எதை அதிகம் சந்திக்கிறதோ அதில் கூர்மையடைகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேத் போலாக் குழுவினர், ஒரு முகம் ஓர் உணர்விலிருந்து இன்னோர் உணர்வுக்குப் படிப்படியாக மாறும் படங்களைக் குழந்தைகளுக்குக் காட்டினர். 2002-இல் வெளியான இந்த ஆய்வில், வீட்டில் அடிபட்டு வளர்ந்த குழந்தைகள் மற்றவர்களைவிட அதிகமான முகங்களைச் சின முகம் என்று சொன்னார்கள். அந்த வீட்டில் அது பாதுகாப்பு. விளையாட்டுத் திடலில் அதே கூர்மை, தற்செயலாக இடித்த நண்பனின் முகத்தில் இல்லாத கோபத்தைக் காட்டிவிடும்.

குரல் எட்டாத குழந்தை

பிறவியில் செவித்திறன் குறைந்த குழந்தைக்கு இந்தப் பாதையின் முதல் பகுதியே கிடைப்பதில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகும் பின்னாலிருந்து வரும் குரலுக்குத் திரும்பாத குழந்தையை, "பிடிவாதம்" என்று விட்டுவிடாமல், செவித்திறன் பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் சிலருக்கு முகத்தையும் குரலையும் படிப்பது வேறு காரணங்களால் கடினமாகிறது. அது தனியே பார்க்க வேண்டிய பொருள். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின் கீழ் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் மருத்துவக் குழுவினர் குழந்தைகளைப் பரிசோதிக்கின்றனர். தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சைக்கு உதவி உண்டு. சென்னையில் பாலவித்யாலயா பள்ளி 1969 முதல் காது கேளாத சிறு குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி அளித்துவருகிறது.

கருவி பொருத்திய பிறகும், சொற்கள் பிடிபடும் அளவுக்குக் குரலின் உணர்வு எளிதில் பிடிபடுவதில்லை. சுருதியின் ஏற்ற இறக்கத்தை அக்கருவி நுட்பமாகக் கடத்துவதில்லை என்பதே காரணம். எனவே இக்குழந்தைகள் முகத்தையே பெரிதும் நம்புகின்றன. பேசுபவர் வெயிலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருண்டு தெரியும். வெயிலைப் பார்த்து நின்றால் புருவம் நெரிந்து கோபம்போல் தெரியும். நிழலில், குழந்தையின் கண் மட்டத்துக்கு உட்கார்ந்து பேசினால் இரண்டு தொல்லையும் இல்லை.