உதகமண்டலம் கிளப் மாளிகை
(கட்டியது: 1831–32)

ஸர் வில்லியம் ரம்போல்ட் என்னும் ஆங்கிலப் பிரபு எழுப்பி, 1841 முதல் சமவெளியின் வெப்பத்திற்கு அஞ்சி மலையேறிய ஐரோப்பியருக்கெனவே அமைந்த சங்கத்தின் ஸ்தானமாகிய இம்மாளிகையின் முகப்பில், தூண்கள் தாங்கும் மண்டபத்தைச் சற்றே நின்று நோக்குங்கள்.

மதுரைத் திருமலை நாயக்கர் மஹாலின் தூண்கள், காண வந்தோரையெல்லாம் ராஜசபையின் கம்பீரத்தால் பிரமிக்க வைக்கும் பொருட்டு வானளாவி நிற்க, கிரேக்க மரபைத் தழுவிய இத்தூண்களோ, அந்நிய தேசத்தில் தம் ஊரை நினைந்து ஏங்கியவர்களுக்கு ஒரு சொந்த வீட்டின் வாசலாகவே விளங்கின.

இங்கிலாந்தின் மதுச்சாலைகள், அந்நூற்றாண்டின் பிற்பகுதியில், மரத்தடுப்புகளாலும் சித்திரம் பொறித்த கண்ணாடிகளாலும் அந்தஸ்துக்கேற்ற அறைகளாகப் பிரிந்து, தொழிலாளியையும் கனவானையும் ஒரே கூரையின்கீழ் வெவ்வேறாக அமர்த்தின. இங்கோ அப்பேதம் வாசற்படியிலேயே நிர்ணயமாகிவிட்டமையால், உள்ளே வேட்டைச் சின்னங்கள் அணிசெய்யும் கூடங்கள் உறுப்பினர் யாவருக்கும் பொதுவாயின.

1875-ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லேன் என்னும் ராணுவ அதிகாரி தோற்றுவித்த ஸ்நூக்கர் விளையாட்டு, 1882-ல் எழுத்து வடிவான விதிகளைப் பெற்றது இம்மாளிகையின் பில்லியர்ட்ஸ் அறையிலேதான். ஓய்வுக்கென வகுத்த ஓர் அறை உலகம் முழுவதும் ஆடும் ஆட்டத்திற்கு இலக்கணம் தந்தது இக்கட்டடத்தின் தனிச்சிறப்பாகும்.